ஒரு துவாய், ஆறு முதுகு

வந்திருந்தவர்கள்: அம்மா, அண்ணன், அண்ணி, தங்கச்சி கவி, நான். வராதவர்: அப்பா.

இடம், கிளிநொச்சியில் அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக். இரண்டு மாதத்துக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. ஜெயபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பரந்தனில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, ஒரே வாங்கில் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஐந்து பேரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம் — சொறியாமல் இருப்பது.

அது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்குத் தெரியுமா? கையைக் கட்டிக்கொண்டு சுவரில் இருக்கும் போஸ்டரைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் சொறிவதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் முடிந்தது கதை. அண்ணன் கால்மேல் கால் போட்டார். இறக்கினார். பிறகு மற்றக் காலைப் போட்டார்.

"தெரியுதண்ணா," என்றேன் மெதுவாக.

"நீ உன்ரை கமக்கட்டைப் பார்," என்றார்.

டொக்டர் என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவராக இருப்பார். கவியின் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். ஐந்து பேரும் எழுந்தோம்.

"எல்லாரும் ஒரே வீடோ?"

"ஓம் டொக்டர்."

"எல்லாருக்கும் கடிக்குதோ?"

பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. அண்ணனின் கை அதற்குள் இடுப்புக்குப் போயிருந்தது.

கவிக்குக் கழுத்தில். வட்டம் வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, நடு வெளிறி... ஒரு வளையம் தாடை வரைக்கும் ஏறியிருந்தது. டொக்டர் ஒரு சின்னக் கத்தியால் ஓரத்தை மெல்லச் சுரண்டி, உதிர்ந்த தூளைக் கண்ணாடித் துண்டொன்றில் எடுத்தார். "நுணுக்குக்காட்டியில பாக்க அனுப்புவம். ஆனா பாக்கவே தெரியுது. இது படர்தாமரை. பங்கசு."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். நான் விஞ்ஞான ஆசிரியர். எங்கள் பரம்பரையில் ஒரு பாடசாலையில் ஆறு வருடத்துக்கு மேல் இருந்த முதல் ஆள். தரம் ஏழுப் பிள்ளைகளுக்கு ஈரப் பாண் துண்டைப் பையில் கட்டிவைத்துப் பங்கசு வளர்த்துக் காட்டுகிறவன். 'பங்கசு வளர என்ன வேண்டும்? ஈரலிப்பு, வெப்பம், உணவு' என்று கரும்பலகையில் வருடா வருடம் எழுதுகிறவன். எழுதும்போது கையை உயர்த்துவேன் அல்லவா... அந்தக் கையின் கீழே, கமக்கட்டிலேயே மூன்றும் இருந்தன.

ஆனால் என் வெட்கம் அதோடு முடியவில்லை.

காலபோக அறுவடைக்கு அண்ணன் நெல் வெட்டும் மெசினில் வேலைக்குப் போனார். துணுக்காய்ப் பக்கம் வரை போய் வருவார். தூசி, வியர்வை, நாள் முழுக்கக் காயாத உடுப்பு. முதலில் அவருக்குத்தான் வந்தது. பிறகு அண்ணிக்கு. பிறகு வீட்டில் ஒவ்வொருவராக. ஒருநாள் அண்ணன் ஒரு கடையிலிருந்து கிறீம் ரியூப் ஒன்றோடு வந்தார். "படைக்கு நல்லதாம். எல்லாரும் இதைத்தான் வாங்கினமாம். தம்பி, நீ படிச்சனி. வாசிச்சுச் சொல்லு."

எங்கள் வீட்டில் எழுத்து இருக்கும் எதுவும் முதலில் என் கைக்குத்தான் வரும். கச்சேரிக் கடிதம், கரண்ட் பில், பசளைப் பை, மருந்துப் பெட்டி... பதினொரு வயதிலிருந்து இதுதான் என் உத்தியோகம். ரியூப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் மூன்று நான்கு மருந்துப் பெயர்கள். வாயில் நுழையவில்லை. காலாவதித் திகதியைப் பார்த்தேன். இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"நல்ல மருந்து. பூசுங்கோ," என்றேன்.

அவ்வளவுதான் என் ஆராய்ச்சி!

மூன்றே நாள். கடி நின்றது, சிவப்பு மறைந்தது. அண்ணன் ரியூப்பைச் சாமிப்படத் தட்டில் கொண்டுபோய் வைத்தார். அங்கேதான் எங்கள் அம்மாவின் நிர்வாகத் திறமை வெளிப்பட்டது. அம்மா பக்கத்துப் பெண்கள் பத்துப் பேரை வைத்துச் சீட்டுப் பிடிப்பவர். ஒரு ரியூப், அப்பா நீங்கலாக ஐந்து பேர் — இதை எப்படிப் பங்கிடுவது என்று அவருக்கா தெரியாது? மூன்று நாளைக்கு ஒருவர். ஆருக்குக் கடி கூடவோ அவருக்கு முதல் சீட்டு. கடி நின்றதும் அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும்.

"எனக்குத் தாங்கேலாது அம்மா, இந்த முறை எனக்குத் தாங்கோ," என்று கவி கெஞ்சுவாள்.

"இல்ல. இது அண்ணி சீட்டு. நாளன்னைக்கு ஒனக்கு," என்பார் அம்மா. அம்மா மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து வந்தவர். நாங்கள் 'ஓம்' என்கிற இடத்தில் அவர் இன்றைக்கும் 'ஆமா'தான்.

ஐந்தாவது ஆளுக்குச் சீட்டு விழும்போது முதல் ஆளுக்குத் திரும்பக் கடிக்கத் தொடங்கிவிடும். சீட்டு முடிந்தால் அடுத்த சீட்டுத் தொடங்குவது வழக்கம்தானே என்று நாங்களும் திரும்பத் தொடங்கினோம், ரியூப் தீர்ந்தால் இன்னொன்று வாங்கினோம். இப்படி நான்கு ரியூப். வளையத்துக்குள் வளையம் வந்தது. தோல் மெலிந்து பளபளத்தது. எட்டு மாதம் போனது.

இதை அம்மா ஒளிக்காமல் சொல்லி முடித்தார். டொக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ரியூப் இருக்கோ?"

அண்ணி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டொக்டர் பொடி எழுத்தை வாசித்தார். நான் போஸ்டரைப் பார்த்தேன்.

"இதில ஸ்டெரொய்ட் கலந்திருக்கு. அது கடியை அமத்தும், சிவப்பை அமத்தும். அதோட உங்கடை தோலின்ரை எதிர்ப்பையும் அமத்திப்போடும். நீங்கள் சுகமெண்டு நினைப்பியள். பங்கசு உள்ளுக்கை நிம்மதியா இருந்து வளரும். பிறகு நீங்கள் மூண்டாம் நாள் நிப்பாட்டியும் போடுறியள்... இதைப் பூசச் சொன்னது ஆர்?"

நான்கு தலைகள் என் பக்கம் திரும்பின. என் குடும்பம் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

"சேர் என்ன செய்யிறார்?"

"ஆசிரியர்," என்றேன்.

"என்ன பாடம்?"

"...விஞ்ஞானம்."

டொக்டர் நல்லவர். அதற்குமேல் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார். "வீட்டில துவாய் எத்தினை பாவிக்கிறியள்?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஒண்ணுதான் டொக்டர். ஆறு பேருக்கும் அந்த ஒண்ணுதான்!"

பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்தப் பெருமை விளங்கும். உங்களுக்கு விளங்க வேண்டும் என்றால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்குப் பத்து வயது. சண்டையால் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தோம். வீட்டுக்கு ஒன்று என்று ஒரு பொதி தந்தார்கள். அதற்குள் ஒரு சட்டி, இரண்டு சவர்க்காரம், பிளாஸ்ரிக் வாளி, பச்சை நிறத்தில் வெள்ளைக் கரை போட்ட ஒரு துவாய். வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து வந்து குளிப்போம். குளிப்புக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மூன்று வயதுக் கவி முதலில். வெயிலில் காய்ந்து சூடாக இருக்கும் துவாய் அவளுக்கு. முழுதாகச் சுற்றினால் மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும். அடுத்தது நான். துவாயில் கவியின் சவர்க்கார வாசம் இருக்கும், ஒரு மூலையில் இன்னும் சூடு இருக்கும். அந்த மூலையைத் தேடிக் கண்டுபிடித்து முகத்தைப் பொத்திக்கொள்வேன். பிறகு அண்ணன். பிறகு அம்மா. கடைசியில் அப்பா.

அப்பாவுக்கு வரும்போது அது துவாய் அல்ல, தண்ணீர். முறுக்கிப் பிழிவார். பிழிந்ததாலேயே முதுகைத் துடைப்பார். "எனக்குத்தானடா குளிர்ச்சி!" என்று சிரிப்பார்.

முகாமை விட்டு வந்தோம். தகரக் கொட்டில் போட்டோம், பிறகு கல்வீடு கட்டினோம். அந்தப் பச்சைத் துவாய் நூலாகிப் போனது. அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. ஆனால் கொடியில் எப்போதும் ஒன்றுதான். கம்பசுக்கு நான் கொண்டுபோன துவாய்கூட, விடுமுறைக்கு வந்த அன்றே கொடியில் ஏறிப் பொதுச் சொத்தாகிவிட்டது. இன்னொன்று வாங்கக் காசில்லை என்று இல்லை. வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணமாகி வந்த அண்ணிகூட முதல் வாரம் தயங்கினார், இரண்டாம் வாரம் வரிசையில் சேர்ந்துவிட்டார். இனி அவரும் எங்கள் ஆள் என்று அம்மா முடிவுசெய்ததும் அன்றைக்குத்தான்.

அந்தத் துவாயின் வாசம் எனக்கு இன்றைக்கும் வரும். சவர்க்காரம், வெயில், அடுப்புப் புகை, ஐந்து பேர். அதுதான் எங்கள் வீட்டின் வாசம் என்று நான் நினைத்திருந்தேன். அந்த ஈரத்தில் வேறொன்றும் குடியிருக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? பாண் துண்டில் தோன்றியதே...

"கடைசியா ஆர் துடைக்கிறது?" டொக்டர் கேட்டார்.

"இவங்க அப்பா."

"ஈரத் துவாயாலயோ?"

"ஆமா."

"எவ்வளவு காலமா?"

அம்மா விரல் மடித்தார். கணக்குப் பார்த்திருப்பார். நானும் பார்த்தேன்.

"அவருக்கும் இருக்கோ? எங்க அவர்?"

அப்பாவுக்கு இருந்தது எங்களுக்குத் தெரியும். சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேலிப்பக்கம் போய் நிற்பதும், திரும்பி வரும்போது முகத்தில் ஒரு நிம்மதி இருப்பதும்... வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் கேட்டால், "எனக்கொண்டுமில்லை." அன்று காலையும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வயலுக்குப் போனார்.

"அவர் வராட்டி நீங்கள் அஞ்சு பேரும் பூசுறதில பிரயோசனமில்லை," என்றார் டொக்டர். "எல்லாரும் ஒரே நாளில தொடங்க வேணும். ஒராள் மிச்சமிருந்தாலும் திரும்பி வரும்."

கவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "டொக்டர், எனக்கு ஆறு கிழமையில மாறுமோ?"

தாதியர் பயிற்சிக்கு அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. ஆறு வாரத்தில் ஹொஸ்ரலுக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் எனக்குப் பிறகு படித்து வெளியே போகும் இரண்டாவது ஆள். கடிதம் வந்த நாளிலிருந்து அவள் கண்ணாடியில் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 'நோயாளியைத் தொட வேண்டிய வேலை. இந்தக் கழுத்தோட போய் நிக்கவோ? முதல் நாளே பக்கத்துக் கட்டில்காரி கட்டிலைத் தள்ளிப் போடுவாள்' என்று அண்ணியிடம் அழுதிருக்கிறாள்.

"மாறும்," என்றார் டொக்டர். "ஆனா அப்பா வந்தாத்தான் நான் உறுதியாச் சொல்லுவன்."

அன்று பின்னேரம் வீட்டில் நடந்ததை அப்படியே தருகிறேன்.

"பொம்பிளைப் பிள்ளையோ டொக்டர்? அதிட்டைப் போய் நான் இதைக் காட்டவோ? விசரோ உங்களுக்கு?" — அப்பா.

"காட்டுனா என்னங்க, தேஞ்சா போயிருவீங்க?" — அம்மா.

"உனக்கென்ன, கையில. எனக்கு எங்க எண்டு தெரியுந்தானே!"

அண்ணன் சிரித்துவிட்டார். அண்ணி குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார். கவி சிரிக்கவில்லை. பயிற்சிக் கடிதத்தை எடுத்து, மடித்து, அலுமாரியில் என்னுடைய பைலுக்கு அடியில் வைத்தாள்.

"அப்ப நான் போகேல்லை அப்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோற்றுக்கு உப்புப் போதும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாள் காலை நான் பாடசாலைக்குப் புறப்படும்போது அப்பா என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒரு கடிதம் எழுது."

"ஆருக்கு?"

"அந்த டொக்டர் பிள்ளைக்கு."

அரசாங்க உத்தியோகத்தரோடு பேச எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். காணிப் பெர்மிட்டுக்கு நான்தான் எழுதினேன். வீட்டுத்திட்டத்துக்கு எழுதினேன். யானை வந்து நெல்லை மிதித்ததற்கு எழுதினேன். கடிதத்தை நீட்டிவிட்டு, வீட்டின் அந்த ஒரே துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பா பேசாமல் நிற்பார். அவர்கள் வாசித்துக்கொள்வார்கள்.

"எல்லாத்துக்கும் எழுதினனிதானே? இதுக்கும் எழுது. நான் வாய் திறக்கமாட்டன். குடுத்திட்டு நிப்பன்."

எழுதினேன். வாசகர்களே, நான் இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதிய எதையும்விட அதற்கு அதிகம் கஷ்டப்பட்டேன்.

'மதிப்புக்குரிய டொக்டர் அம்மணி அவர்கட்கு, படர்தாமரை தொடர்பாக. மேற்படி விடயம் தொடர்பில் தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில், எனக்கு இடுப்புக்குக் கீழும் முழங்காலுக்கு மேலும் இரு பக்கமும் கடந்த எட்டு மாதங்களாகப் படர்தாமரை உள்ளது. வியர்க்கும்போது கடி அதிகம். எனது மகள் தாதியர் பயிற்சிக்குச் செல்லவிருப்பதால் இதனை விரைந்து சுகமாக்கித் தருமாறு...'

வாசித்துக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"போதும். கீழை எண்டு போட்டது காணும். வேறை ஒண்டும் விவரியாதை." பிறகு சந்தேகத்தோடு: "பிரதி ஒருத்தருக்கும் போடேல்லைத்தானே?"

"என்ன பிரதி?"

"வழக்கமாக் கீழை போடுவாய்... கிராம சேவையாளர், பிரதேச செயலாளர் எண்டு."

"போடேல்லை அப்பா!"

அடுத்த கிளினிக் நாளில் அப்பாவும் நானும் போனோம். அப்பா கடிதத்தை நீட்டினார். டொக்டர் முழுவதையும் வாசித்தார். உதடு ஒரு முறை துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"எல்லாம் வடிவா விளங்குது ஐயா. ஆனா ஒருக்காப் பாக்கத்தான் வேணும். பக்கத்து அறையில ஆம்பிளை டொக்டர் நிக்கிறார், அவரைக் கூப்பிடட்டோ?"

இதை அப்பா எதிர்பார்க்கவில்லை. பக்கத்து அறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டொக்டரின் மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார்.

"வேண்டாம் பிள்ளை. கடிதம் உங்களுக்குத்தானே எழுதினது. நீங்களே பாருங்கோ."

நான் திரைக்கு வெளியே வந்துவிட்டேன். குரல்கள் மட்டும் கேட்டன.

"காலையும் பின்னேரமும் பூச வேணும். வட்டத்துக்கு வெளியிலயும் ரெண்டு விரல் அகலத்துக்குப் பூச வேணும். குளிச்சா நல்லாத் துடைச்சு, காய விட்டுப் பூசுங்கோ. ஈரச் சாரத்தோட நிக்கக் கூடாது. உடுப்பை வெயிலில காயப் போடுங்கோ. உங்களுக்கும் மூத்த மகனுக்கும் கூடவாப் படர்ந்திருக்கு, ரத்தம் சோதிச்சுப்போட்டு விழுங்கிற குளிசையும் தருவன்."

"கடி நிண்டா நிப்பாட்டலாமோ?"

"இல்லை. பூசுங்கோ."

"வட்டம் மறைஞ்சா?"

"மறைஞ்சாப் பிறகும் ரெண்டு கிழமை பூச வேணும்."

"அப்ப எப்பதான் பிள்ளை நிப்பாட்டுறது?"

"நான் சொல்லேக்கை."

அப்பா வெளியே வந்தார். முகத்தில் வியர்வை. பல் பிடுங்கியவர் போல நடந்தார். பரந்தனில் பஸ் மாறும்போது, "தம்பி, வா," என்று சந்தியில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தார்.

"துவாய் காட்டுங்கோ. ஆறு. ஆறு நிறத்தில."

முதலாளி சிரித்துப் பேசும் நல்ல பம்பலான ஆள். "என்ன ஐயா, வீட்டில கல்யாணமோ?"

"இல்லை," என்றார் அப்பா. "படர்தாமரை."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எட்டு மாதம் மனைவியிடம்கூட ஒழுங்காகச் சொல்லாததைப் பரந்தன் சந்தியில் சத்தமாகச் சொல்லிவிட்டார்! எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. முதலாளி சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்தார். மேசைக்கு இந்தப் பக்கம் குனிந்தார்.

"ஐயா... அதுக்கு என்ன மருந்து தந்தவை?"

"உங்களுக்கும் இருக்கோ?"

"வெளியில சொல்லாதையுங்கோ."

"ரியூப் ஒண்டு வாங்கிப் பூசுறியள், மூண்டு நாளில போகுது, திரும்பி வருகுது. அப்பிடித்தானே?"

"ஓம் ஐயா! எப்பிடித் தெரியும்?"

"முதல்ல அதைத் தூக்கி எறியுங்கோ. வீட்டில எல்லாரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கோ. வெக்கப்பட்டா வெக்கம்தான் மிஞ்சும், கடி போகாது." என்னைக் காட்டினார். "வாய் வராட்டி இவன் கடிதம் எழுதித் தருவான்."

ஆறு பேரும் ஒரே நாளில் தொடங்கினோம். கவி கலண்டரில் ஆறு பெயரும் எழுதி, காலை, பின்னேரம் என்று கோடு போட்டாள். பூசாதவருக்குத் தேத்தண்ணி இல்லை. ஒருநாள் பழக்க தோஷத்தில் நான் சிவப்புத் துவாயை எடுத்துவிட்டேன்.

"அண்ணா! அது அப்பான்ரை! உன்ரை மஞ்சள்!"

அப்பா தன் சிவப்புத் துவாயை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காய்ந்து சூடாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

மூன்றாம் கிழமை கடி போனது. நான்காம் கிழமை வளையம் போனது. டொக்டர் சொல்லும் வரை ஒருவரும் நிறுத்தவில்லை. கவியின் கழுத்தில் இலேசான கருமை மட்டும் மிச்சம் — அதுவும் நாளாக மங்கிவிடுமாம். போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக் கடிதத்தையும் ஊதாத் துவாயையும் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அப்பா பஸ் மறையும் வரை நின்றார், சொறியாமல்.

எங்கள் கொடியில் இப்போது ஐந்து நிறங்கள் காய்கின்றன. பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. சுகமாகவும் இருக்கிறோம். ஆனால் முகம் துடைக்கும்போது என் சவர்க்கார வாசம் மட்டும்தான் எனக்கு வருகிறது. பழைய துவாயை அம்மா கொதிநீரில் அவித்துக் குசினியில் நிலம் துடைக்கப் போட்டுவிட்டார். அதைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நிற்கிறேன். டொக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். சரியான மருந்து, சோதனை, குளிசை எல்லாம் இலவசம். நான் நல்லது என்று சொன்ன பிழையான மருந்து, நான்கு ரியூப், இரண்டாயிரத்து நானூறு. துவாய் ஆறும் ஐயாயிரத்து நூறு, முதலாளி நூறைக் கழித்தார். ஆளுக்கொரு துவாய் என்ற நிலைக்கு வர எங்கள் வீட்டுக்கு எடுத்தது பதினாறு வருடம் — இப்போது எனக்கு வயது இருபத்தாறு. முடிந்த காசு, ஏழாயிரத்து நானூறு ரூபாய்.